பாலைக் குறைத்தோம், கடன் குறையவில்லை

சிக்கனம் என்றவுடன் நம்மவர் முதன்முதலாகக் கை வைப்பது அடுக்களையிலேதான். கடன் முற்றிய குடும்பத்தின் தலைவர் ஒரு நாள் மாலை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “இனிச் செலவைச் சுருக்கியாக வேண்டும்” என்று கட்டளை பிறப்பிப்பார். மறுநாள் காலையில் பால் அரை லிட்டர் குறையும். குழந்தையின் முட்டை நிற்கும். மீன்காரரின் குரல் வாயிலில் கேட்டாலும் கதவு திறவாது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தை இளைத்திருக்கும். கடனோ இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வாறு நேர்ந்த குடும்பம் ஒன்றினை நாம் நன்கு அறிவோம். அது நம்முடைய குடும்பமே.

கஞ்சிக்கோட்டைப் பற்றி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாளையாற்றுக்கு அப்பால் கோவை மாவட்டம், இப்பால் பாலக்காடு. தொழிற்பேட்டையின் இரும்பாலைகளிலும் பிற ஆலைகளிலும் வேலை தேடி வந்து, வாடகை வீடுகளில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. வருமானம் நாட்கூலியாக இருக்கலாம், மாதச் சம்பளமாக இருக்கலாம். கடன் மட்டும் பெரும்பாலும் வாரக் கடனாக அமைந்துவிடுகிறது. வங்கிக்குச் சென்றால் ஜாமீன் வேண்டும், உள்ளூர் முகவரிக்குச் சான்று வேண்டும், ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும். வட்டிக்காரரோ மோட்டார் சைக்கிளில் வீட்டு வாயிலுக்கே வருகிறார். நம் மொழியில் நலம் விசாரிக்கிறார். ஐந்து நிமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

மாதந்தோறும் சம்பளம் வாங்கும் இரயில்வே குமாஸ்தாவுக்கு இக்கதி ஏன் நேர்ந்தது என்று சிலர் வியக்கலாம். தங்கையின் திருமணத்துக்காகச் சம்பளத்தின் மீது வாங்கத்தக்க கடன் முழுவதையும் வாங்கியாயிற்று. பிடித்தங்கள் போகக் கைக்கு வந்த தொகை மாதக் கடைசி வரையில் நீளவில்லை. முதலில் நம் பெயரில் ஒரு வாரக் கடன். சில மாதங்களில் மனையாளின் பெயரில் இன்னொன்று. வட்டிக்காரர் வரும் கிழமையில் நாம் வேண்டுமென்றே மாலைப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் உண்டு. வாயிலில் நின்று அவருக்கு விடை சொல்லும் பொறுப்பை மனையாளிடம் விட்டுவிட்டோம் என்பதை இன்று எழுதும்போதும் நாணமாகவே இருக்கிறது.

அக்கடனின் கணக்கினைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். நோட்டில் எழுதுவது ரூ.10,000. முன்வட்டியாக ரூ.1,500 கழித்துக்கொண்டு கையில் தருவது ரூ.8,500. வாரம் ரூ.1,000 வீதம் பத்து வாரத்தில் கட்டி முடிக்க வேண்டும். “நூற்றுக்குப் பதினைந்துதானே, போகட்டும்” என்றே நாம் எண்ணியிருந்தோம். இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்த 8,500 ரூபாய் பத்து வாரமும் நம் கையில் இருப்பதில்லை. முதல் வார முடிவிலேயே ஆயிரம் திரும்பிச் சென்றுவிடுகிறது. அடுத்த வாரம் மற்றோர் ஆயிரம். சராசரி பார்த்தால் ஐயாயிரத்துக்கும் குறைவான பணமே நம்மிடம் கடனாக இருக்கிறது. அதற்குப் பத்து வாரத்துக்கு ரூ.1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்கு ஏறக்குறைய 160 ஆகிறது! இதனை நாம் காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தோம். மூன்று முறையும் விடை மாறவில்லை.

பத்து வாரம் முடிந்ததும் கை வெறுமையாக இருக்கும்; மறுபடியும் வாங்குவோம். இவ்வாறு ஆண்டுக்கு ஐந்து தடவை. இரண்டு கடனுக்கும் சேர்த்து ஓராண்டில் வட்டியாகச் சென்றது ரூ.15,000, மாதத்துக்கு ரூ.1,250. பாலிலும் முட்டையிலும் மீனிலும் மனையாள் மிச்சம் பிடித்தது மாதம் ரூ.1,150. இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்த்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. குழந்தையின் பால் அப்படியே வட்டிக்காரரின் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிலும் நூறு ரூபாய் குறைவு.

அதன் பின்னரே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். ஒரு மாதம் எதனையும் குறைக்காமல், செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதுவது என்று தீர்மானம். இரண்டாம் நாள் மனையாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் ஸ்டேஷனில் குடிக்கும் டீயை இதில் காணோமே” என்றாள். அதுவும் ஏறியது. தேநீரும் வடையுமாக நாளொன்றுக்கு ரூ.40, இருபத்தாறு நாளுக்கு ரூ.1,040. அதனையடுத்து, நாம் எழுதத் தயங்கிய மற்றொன்றும் ஏறியது. அது லாட்டரிச் சீட்டு.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இது நம் எல்லைப் பகுதிக்கே உரிய நோய். கேரள அரசு 1967ஆம் ஆண்டில் லாட்டரித் துறையை ஏற்படுத்தியது. முதற் குலுக்கல் 1968 ஜனவரி 26ஆம் நாள் நடந்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அன்று முதல் எல்லையின் இப்பக்கத்துச் சீட்டுக் கடைகளுக்கு அப்பக்கத்திலிருந்து வரும் கூட்டத்தைக் கேட்க வேண்டுமோ? 2023ஆம் ஆண்டின் திருவோணம் பம்பர் முதற்பரிசான 25 கோடி ரூபாய், வாளையாற்றில் விற்ற சீட்டுக்கே விழுந்தது. பரிசு பெற்ற நால்வரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நம் அண்டையில், நம்மவருக்கே விழுந்த பரிசு! அன்று தொடங்கிய பழக்கமே நம்முடையதும். அந்தக் குலுக்கலுக்காக விற்ற சீட்டுகள் ஏறக்குறைய 75 லட்சம் என்பதும், முதற்பரிசு ஒன்றே ஒன்று என்பதும் அவ்வேளையில் நம் நினைவுக்கு வரவில்லை. வாரத்துக்கு மூன்று சீட்டு, ஐம்பது ரூபாய் வீதம், மாதத்தில் பதின்மூன்று சீட்டுக்கு ரூ.650. தேநீரோடு சேர்த்தால் ரூ.1,690. மனையாளும் குழந்தையும் வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் நாம் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிதறவிட்டது அதிகம்.

நிற்க. தேநீரையும் சீட்டையும் நிறுத்திவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமோ என்றால், தீராது. நூற்றுக்கு 160 வட்டி ஓடிக்கொண்டிருக்கையில் எந்தச் சிக்கனமும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே. முதலில் அவ்வட்டியை நிறுத்த வழி தேட வேண்டும். அவ்வழி நம் மாவட்டத்திலேயே இருந்ததை நாம் காலந்தாழ்ந்தே அறிந்தோம்.

கேரளத்தில் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தை நேயர்கள் அறிவார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் சேர்ந்து ஓர் அயல்கூட்டம் அமைத்து, வாரந்தோறும் சிறு தொகை சேமித்து, தேவைக்குத் தங்களுக்குள் கடன் வழங்கிக்கொள்வர். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மக்களை மீட்கவென்றே, 2018ஆம் ஆண்டில் கேரள அரசு ‘முற்றத்தெ முல்லை’ என்னும் திட்டத்தைப் பாலக்காடு மாவட்டத்திலேயே முதலில் தொடங்கியது. ‘முற்றத்து முல்லைக்கு மணமில்லை’ என்பது மலையாளத்தார் பழமொழி. அருகில் இருப்பதன் அருமை தெரியாது என்பது பொருள். பெயர் வைத்தவர் நம்மைப் போன்றோரை மனத்தில் வைத்தே வைத்தார் போலும்!

திட்டத்தின் அமைப்பு எளிது. பணம் தருவது உள்ளூர்த் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கம். அதனை வீட்டுக்குக் கொணர்ந்து தருவதும், வாரந்தோறும் வாயிலுக்கே வந்து தவணை வாங்கிச் செல்வதும் குடும்பஸ்ரீப் பெண்கள். அதாவது வட்டிக்காரரிடம் நமக்குப் பிடித்திருந்த வசதி அப்படியே இருக்கிறது. வட்டி மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு 12. தொடங்கியபோது ரூ.1,000 முதல் ரூ.25,000 வரை கடன் என்றும், திருப்பிக் கட்ட 52 வாரம் வரை தவணை என்றும் வகுத்திருந்தனர். இன்று தத்தம் பகுதிச் சங்கத்தில் உள்ள நிலைமையை நேரில் கேட்டறிதல் நலம்.

மனையாள் அயல்கூட்டத்தில் உறுப்பினரானாள். “நாம் தமிழர், நம்மைச் சேர்ப்பார்களா?” என்ற ஐயம் நமக்குத்தான் இருந்தது, அவளுக்கு இல்லை. கூட்டத்தில் இருப்போர் நாள்தோறும் குழாயடியில் அவளோடு பேசுகின்றவர்களே அல்லவா! சில மாதம் ஒழுங்காகச் சேமித்த பின்னர், சென்ற ஆண்டில் ரூ.18,000 கடன் கிடைத்தது. இரண்டு வாரக் கடன்களிலும் எஞ்சியிருந்த ரூ.14,000த்தை ஒரே நாளில் கட்டி முடித்து, நோட்டில் கையெழுத்தும் வாங்கினோம். அன்று நாம் மாலைப் பணி கேட்கவில்லை. வாயிலில் நாமே நின்றோம். மிஞ்சிய ரூ.4,000 மளிகைக் கடைக்குச் சென்றது.

புதிய கடனுக்கு ஓராண்டு வட்டி முழுவதையும் சேர்த்தாலும் மொத்தம் ரூ.20,160. வாரத் தவணை ஏறக்குறைய ரூ.390, மாதத்துக்கு ரூ.1,690. நேயர்கள் இந்த எண்ணை முன்னரே ஓரிடத்தில் கண்டிருப்பார்கள்.

மளிகைக் கடையைப் பற்றியும் ஒரு சொல். கடன் எழுதும் ஏட்டுக்கு நாம் பற்று நோட்டு என்கிறோம். மலையாளத்தாரும் பற்று என்றே சொல்கின்றனர். துறவிகள் எல்லாம் விடச் சொன்ன பற்றுகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்! பற்றில் வாங்குவோர் விலை கேட்பதில்லை, எடையைக் கவனிப்பதில்லை, வேறு கடைக்குப் போகவும் இயல்வதில்லை. இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் நெசவாளர் ஊரில் 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஏழைத் தொழிலாளர் இருபத்தெண்மர் கூடி ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பொருள்களே அதில் இருந்தன. அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று, யாருக்கும் கடனில்லை, ரொக்கமே என்பது. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அக்கடையே வழிகாட்டி என்பர். நம் சென்னையிலும் 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் நம்மையொத்த நடுத்தரக் குடும்பத்தினரே. பற்று நோட்டை மூடிய பின், கேரள சிவில் சப்ளைஸ் நிறுவனத்தின் மாவேலிக் கடைக்குப் பை எடுத்துச் செல்லும் உரிமை நமக்கும் திரும்பி வந்தது. மானியப் பொருள்கள் பதின்மூன்றின் விலையை 2024ஆம் ஆண்டில் உயர்த்தினார்கள் என்பது மெய்தான். சந்தை விலையில் நூற்றுக்கு 35 குறைவு என்றே அப்போது வகுத்தனர். ஆயினும் எல்லாப் பொருளும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. இருமுறை நடக்க வேண்டியிருக்கும்.

ரேஷனைப் பற்றிப் பலர் இன்னும் அறியாதது ஒன்றுண்டு. தமிழ்நாட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே முழு விலைக்கு அரிசி வாங்குவோர் பலர். அட்டை முன்னுரிமை வகையையோ அந்தியோதயா வகையையோ சேர்ந்ததாயின், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறைப்படி மத்திய அரசின் ஒதுக்கீட்டுத் தானியத்தை ஆதார் விரல்ரேகை வைத்து இங்குள்ள ரேஷன் கடையிலும் பெறலாம். 2020ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் அம்முறையில் சேர்ந்துவிட்டன. தமிழ்நாடு அரசு தன் செலவில் தரும் பொருள்கள் மட்டும் இங்கே வாரா.

மின்கட்டணத்திலும் ஒரு நுட்பம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் ஒரு மீட்டரைப் பகிர்ந்துகொள்வது நம்மவரிடையே வழக்கம். வாடகை மிச்சம் என்று எண்ணுகிறோம். கேரள மின்வாரியக் கணக்கில் மாதம் 250 யூனிட் வரையில் படிப்படியாக விலை ஏறும். அதனைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே அனைத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. இரு மாதப் பில்லில் 500ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் மீட்டரை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வட்டிக்காரருக்கு அஞ்சி வாய் திறவாதிருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமமின்றி வட்டித் தொழில் நடத்துவதை 1958ஆம் ஆண்டின் கேரள வட்டித் தொழிற் சட்டம் தடுக்கிறது. கொள்ளை வட்டிக்கெனத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலும் கேரளத்தில் 2012ஆம் ஆண்டிலும் தனிச்சட்டங்கள் வந்தன. 2014ஆம் ஆண்டில் ‘ஆப்பரேஷன் குபேரா’ என்ற பெயரில் கேரளக் காவல்துறை மாநிலம் முழுவதும் சோதனை நடத்தியது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் வெற்றுப் பத்திரத்தையும் கொடுத்து வைத்திருப்போர், கடனைக் கட்டி முடிக்கும் நாளில் அவற்றைக் கையோடு திரும்பப் பெற்றுக்கொள்ள மறக்க வேண்டா.

நம் கணக்கில் இன்னும் பதினான்கு தவணைகள் எஞ்சியுள்ளன. பால் முன்போல் ஒரு லிட்டராயிற்று, முட்டையும் வருகிறது. மீன்காரர் வாரம் ஒருமுறை நம் வாயிலில் சைக்கிளை நிறுத்துகிறார். நோட்டு இப்போது மூன்றாவது. தேநீர் நாளுக்கு ஒன்று உண்டு. அதனையும் மாலையில் எழுதிவிடுகிறோம். எழுத மறந்த நாளில் மனையாள் கேட்கிறாள்.