சாப்பாட்டு மேசையில் பேசும் ஆங்கிலம்

ஏற்றுமதி வாய்ப்புத் தேடியும் உணவுப் பொருள் கண்காட்சி காணவும் நம் உறுப்பினர்கள் லண்டன் சென்று வருவது சகஜமாகி விட்டது. சரக்கு, விலை, பேக்கிங் பற்றிய ஆங்கிலம் நம்மவர்களுக்கு எப்படியோ வந்து விடுகிறது. தடுமாறுவது உணவகத்தில்தான். கொள்முதல் செய்ய வந்தவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கொள்கிறார். ஆகவே சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

"ஒரு காபி கொடுங்க" என்று நாம் சொல்லும்போது மரியாதை அந்த 'ங்க'வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாது. எனவே "கிவ் மீ காபி", "ஐ வான்ட் சூப்" என்று அப்படியே மாற்றிச் சொன்னால், நாம் நினையாத அதிகாரத் தொனி வந்து விடுகிறது. அங்குள்ளவர்கள் கேள்வியாகக் கேட்கிறார்கள்: "கேன் ஐ ஹேவ் த டொமேட்டோ சூப், ப்ளீஸ்?" அல்லது "ஐல் ஹேவ் த சூப், ப்ளீஸ்." இங்கிலாந்தில் அந்த 'ப்ளீஸ்' விடுபட்டால் உடனே கவனிப்பார்கள். பரிமாறுபவரை அழைக்க விரல் சொடுக்குவதும் கை தட்டுவதும் கூடாது. கண் பார்த்து, கையை லேசாக உயர்த்தி "எக்ஸ்க்யூஸ் மீ" என்றால் போதும்.

உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்பார்கள். இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர். "டாப் வாட்டர் இஸ் ஃபைன், தேங்க்ஸ்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2010 முதல் சட்டம்.

சைவ உணவுக்காரர்களுக்குத்தான் உண்மையான சங்கடம். நம்முடன் வந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர், காய்கறி சூப்பில் சிக்கன், மட்டன் துண்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அது பொய்யும் அல்ல. பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான் அது கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்தது என்று தெரிந்தது. பிறகு அவர் எதையும் தொடவில்லை, பேசவும் இல்லை. எதிரே இருந்த வெள்ளைக்காரர், தாம் சொன்ன விலை பிடிக்காமல்தான் இவர் முகம் வாடிவிட்டது என்று எண்ணிக் கொண்டார். விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க நமக்குப் பெரும்பாடாகி விட்டது.

நமக்கு 'ஸ்டாக்' என்றால் கிடங்கில் இருக்கும் சரக்கு. அங்கே சமையற்கட்டில் 'ஸ்டாக்' என்றால் அந்த எலும்புச் சாறு. "இஸ் திஸ் மேட் வித் மீட் ஸ்டாக்?" என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பார். 'வெஜிடேரியன்' என்றால் அங்கே முட்டையும் சேர்த்தி. ஆகவே "ஐ டோன்ட் ஈட் மீட், ஃபிஷ் ஆர் எக்ஸ்" என்று பிரித்துச் சொல்வதே நல்லது. 'வீகன்' என்றால் முட்டை வராது, ஆனால் பாலும் வெண்ணெயும் தயிரும் போய்விடும். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்ப்பது வழக்கம். வட இங்கிலாந்தில் சில கடைகளில் உருளைக்கிழங்கு 'சிப்ஸ்' மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது. "வாட் இஸ் இட் ஃப்ரைட் இன்?" என்று கேட்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கத்தரிக்காய்க்கு அங்கே 'ஆபர்ஜின்', வெண்டைக்காய்க்கு 'ஓக்ரா'. கட்டி வாங்கிச் செல்ல 'பார்சல்' என்றால் தபால் மூட்டை என்றே நினைப்பார்கள், 'டேக்அவே' என்க. முடிவில் "கேன் வி ஹேவ் த பில், ப்ளீஸ்?" அமெரிக்காவில் அதுவே 'செக்'. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும். லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம் போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

அந்த மொத்த வியாபாரி மறுமுறை புறப்பட்டபோது, 'ஸ்டாக்' பற்றிய கேள்வியைத் தமிழ் எழுத்தில் தம் விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதி வைத்துக் கொண்டார். மூன்று உணவகங்களில் அதைப் பார்த்துப் படித்தே கேட்டாராம்.