சைக்கிளை 'டிரைவ்' செய்யலாமா?

என் தம்பி மகள் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியவள், பேச்சுத் தேர்வில் அரைப் புள்ளியில் வாய்ப்பை இழந்தாள். ரயில்வே எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்ற நான், மறுதேர்வுக்குத் துணை நிற்கிறேன்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் 4, 5 நிமிடங்கள் சொந்த வாழ்க்கை பற்றிய எளிய கேள்விகள்தான்.

"சிறு வயதில் சைக்கிள் இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "எஸ், ஐ வாஸ் டிரைவிங் சைக்கிள்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

பழுது மூன்று இடத்தில். தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். இங்கே பேசும் இந்தியிலும் இரண்டுக்கும் 'சலானா'தான். ஆங்கிலத்திலோ காருக்கு 'டிரைவ்', சைக்கிளுக்கு 'ரைடு'. அடுத்து, 'அப்போது தினமும் ஓட்டுவேன்' என்னும் பழைய வழக்கத்துக்கு 'யூஸ்டு டு' பொருந்தும். மூன்றாவது, ஒரே வரியில் நின்றது.

"நடந்ததைச் சொல்லம்மா" என்றேன். அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டாம், விளக்கினால் போதும்: "ஐ யூஸ்டு டு ரைடு மை ஃபாதர்ஸ் பைக். ஐ குடின்ட் ரீச் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம்."

மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். சொந்த அனுபவம் தடையின்றி வரும். அன்பர்களே, சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளிடம் தினம் ஒரு கேள்வி கேளுங்கள்.