காடி பேசுகிறது, கேட்கிறோமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் அல்ல. ஒலிவாங்கி பிடிப்பதுதான் என் தொழில். ஆனாலும் இன்றைய தலைப்பைக் கேட்டதும், பந்திங்கில் எங்கள் வீட்டு முன் நின்ற அப்பாவின் பழைய காடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய காடி. அதில்தான் அப்பா கிள்ளானுக்கு இரவு வேலைக்குப் போய் வருவார்.

ஒரு நாள் எஞ்சின் உதற ஆரம்பித்தது. பட்டறையில் பிளக் மாற்றினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுபடியும் உதறல். கார்புரேட்டரைக் கழுவினார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். ஓர் இரவு, இருபுறமும் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த சாலையில் காடி நின்றே போனது. வேறு காடிக்கு முன்பணம் கட்ட அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக், காடியைத் தொடும் முன் அப்பாவிடம் கேட்டார்: "எப்போது உதறுது அண்ணே?" அப்பா யோசித்துவிட்டு, "மழை பெய்தால்தான்" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. இருட்டியதும் அவர் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் கேபிள்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தார். ஒரு கேபிளில் நீல நிறத்தில் பொறி பறந்தது. உறை வெடித்து மின்சாரம் கசிந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய்! (இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். அந்த மின்சாரம் பொல்லாதது.)

எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று தேவை: சரியான பெட்ரோல் காற்றுக் கலவை, போதிய அழுத்தம், நேரம் தவறாத தீப்பொறி. ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு நான்கு சிலிண்டர். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கு மூன்றுதான். அதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், காடியே குலுங்கும்.

எது குறைகிறது என்பதை, உதறும் நேரமே காட்டிக் கொடுக்கும். மழையிலும் ஈரத்திலும் உதறினால் கேபிள், காயில் பக்கம் பாருங்கள். நிற்கும்போது உதறி, வேகமெடுத்ததும் சரியானால், எங்கோ குழாய் வெடித்துக் காற்று புகுந்திருக்கலாம். ஜுக்ரா மலை போன்ற ஏற்றத்தில் மட்டும் திணறினால், பிளக், காயில் அல்லது பெட்ரோல் வரத்தைச் சோதிக்க வேண்டும்.

கழற்றிய பிளக்கை எறியாமல் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அப்போது முதலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் இல்லாத எஞ்சினுக்குப் புதுப் பிளக் போட்டுப் பயனில்லை.

சத்தத்துக்கும் பொருள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்றால் பெரும்பாலும் பெல்ட். மேலே 'டிக் டிக்' என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம், வால்வு இடைவெளி கூடியிருக்கலாம்; முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் பேரிங் போயிருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பட்டறைவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அதைவிட இழுவை லோரிக் கூலி மலிவு.

சற்றுப் புதிய காடிகளில் எஞ்சின் விளக்கு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டினாலும் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

ஆகவே நேயர்களே, பட்டறைக்குப் போய் "பிளக் மாத்துங்க" என்று நீங்களே மருந்து எழுதாதீர்கள். எப்போது உதறுகிறது, எங்கே சத்தம், சூட்டிலா குளிரிலா, மழையிலா வெயிலிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். காடியோடு தினமும் இருப்பவர் நீங்கள்தானே.

அப்பாவின் காடி அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. அம்மாவின் சங்கிலி இன்றும் அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.