கால் போனால் கார் போகாதா?



காரை ஓட்டுவது கால் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை! ஓட்டுவது கருத்து. கருத்து இடும் கட்டளையை நிறைவேற்றும் ஏவலாள்தான் கால். ஓர் ஏவலாள் இல்லையென்றால், இன்னொருவனிடம் அந்த வேலையை ஒப்படைக்கக் கூடாதா?

1921-ல் நோய் தாக்கிக் கால்களின் வலுவை இழந்தார் ரூசுவெல்ட். நான்கு முறை அமெரிக்க மக்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் தம் போர்டு காரைத் தாமே ஓட்டினார், கையால்! நாட்டை நடத்தியவருக்குக் காரை ஓட்டக் கால் தேவைப்படவில்லை.

மாயமா இது? மந்திரமா? லேத்துப் பட்டறைத் தோழனைக் கேளுங்கள், சிரிப்பான். ஸ்டியரிங் பக்கத்திலே ஒரு நெம்புகோல். அதிலிருந்து பெடல்களுக்கு இரும்புத் தண்டு. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். வலக்கால் மட்டும் இல்லாதவருக்கு ஆக்சிலேட்டரை இடப்பக்கம் அமைத்து, பழைய பெடல் தவறி மிதிபடாதபடி தடுத்துவிடுவார்கள். ஆட்டோமேடிக் கியர் வண்டியிலே கிளட்ச் பெடலே கிடையாது. ஆனால், பிரேக் விளையாட்டுச் சாமான் அல்ல. ஒரு திருகு கழன்றால் ஓர் உயிர் போகும். ஆகவே தேர்ந்த கை வேண்டும், கண்டிப்பான சோதனை வேண்டும்.

அந்தக் கைக்குக் கோவையிலா பஞ்சம்? 1952-ல் இருவர் அமரும் காரை 2,000 ரூபாய் விலையிலே உருவாக்கிக் காட்டினார் ஜி.டி. நாயுடு. உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. திறமை இருந்தது இங்கே. திறவுகோல் இருந்தது அங்கே!

சட்டத்தின் கதையைக் கேளுங்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உடற்குறை உடையவரின் வண்டிக்கு இட்ட பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. ஆங்கிலத்திலே அந்தச் சொல்லுக்கு நோயாளி என்றும் பொருள், செல்லாதது என்றும் பொருள்! தனியாகவே கட்டிய வண்டிதான் அதிலே சேரும், மாற்றியமைத்தது சேராது என்றும் நிபந்தனை. 31 ஆண்டுகள் கழித்து, 2019-ல்தான் 'மாற்றியமைத்த வாகனம்' என்ற பெயர் வந்தது. பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றிக்கொள்ள வழியும் வந்தது.

வழி வந்தது, வாழ்வு வந்ததா? 'அவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுவது' என்கிறது வரையறை. எந்திரத்துக்குக் காலைப் பறிகொடுத்த ஆலைத் தொழிலாளி வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கலாமா, கூடாதா? தெளிவாகச் சொல்லட்டும் டில்லி! நம்மவன் கேட்பது சலுகை அல்ல, உழைக்கும் உரிமை.

மாநிலம் செய்ய வேண்டியதும் உண்டு. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை விலையின்றித் தருகிறது தமிழ்நாடு அரசு, பாராட்டுவோம். அடுத்த அடியையும் எடுத்து வைக்கட்டும்! மாவட்டந்தோறும் பயிற்சிக்கு ஒரு மாற்றியமைத்த கார் நிற்கட்டும். தொழிற்பயிற்சி நிலையத்திலே இந்தக் கைவேலை பாடமாகட்டும். பீளமேட்டுப் பட்டறையிலே அது பிழைப்பாகட்டும்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை ஒதுக்கி, 'மாற்றுத்திறனாளி' என்றழைத்த மண் இது. சொல்லை மாற்றினோம். பெடலை மாற்ற முடியாதா?