பன்றித் தோள் இறைச்சி மெதுசமையல்

பன்றித் தோள் இறைச்சி மெதுசமையல் என்பது பன்றியின் முன்னங்காலுக்கு மேலுள்ள தோள்பகுதி இறைச்சியை, நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஈரச் சூட்டில் பல மணிநேரம் வைத்து மென்மையாக்கும் சமையல் முறையாகும். மேலைநாடுகளில் இதற்கு ஸ்லோ குக்கர் எனப்படும் மெதுசமைப்பான் பெரிதும் பயன்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இக்கலம் அவ்வளவாகப் பரவவில்லை. ஆயினும் காவிரிக் கழிமுகத்தின் உமி அடுப்பும் மண்சட்டியும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்து வந்தவை. கடினமான இறைச்சி குழைவதற்குச் சூட்டின் மிகுதியைவிடச் சூடு நீடிக்கும் காலமே முதன்மையானது என்பது இம்முறையின் அடிப்படை.

தோள்பகுதியின் இயல்பு

விலங்கின் உடலில் ஓயாது உழைக்கும் தசைகள் கடினமானவை. உழைப்புக் குறைந்த தசைகள் மென்மையானவை. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது; அதனைச் சிறிது நேரம் வாட்டினாலே உண்ணலாம். தோளோ உடலின் எடையைத் தாங்கி, நடக்கும்போதும் மண்ணைக் கிளறும்போதும் இயங்கிக்கொண்டே இருப்பது. எனவே அங்குத் தசைநார்களைக் கட்டுக் கட்டாகப் பிணைக்கும் இணைப்பிழையம் மிகுந்திருக்கும். இவ்விழையத்தின் முதன்மைப் புரதம் கொலாசன் ஆகும். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக் கொண்ட அமைப்புடையதால், கொலாசன் பல்லுக்கு எளிதில் மசியாது.

தோள்பகுதியில் கொழுப்பும் மிகுதி. தசைகளுக்கு இடையே படர்ந்துள்ள இக்கொழுப்பு உருகி, நெடுநேரம் வெந்த கறி வாயில் வறண்டு தோன்றாமல் காக்கிறது. கடினமானது என்பதால் பல நாடுகளில் இப்பகுதி மலிவாக விற்கப்படுகிறது. பொறுமையுள்ளவருக்கு இது நல்ல வாய்ப்பு.

சூடும் காலமும்

இறைச்சி சூடேறும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை உணர்ந்தால் இச்சமையலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலாவது, தசைப் புரதங்கள் சுருங்குதல். மயோசின் என்னும் புரதம் 50 பாகை செல்சியசு அளவிலும், ஆக்டின் என்னும் புரதம் 65 முதல் 75 பாகை வரையிலும் தம் வடிவத்தை இழந்து இறுகுகின்றன. ஈரத்துணியைப் பிழிந்தாற்போல இறைச்சியிலிருந்து சாறு வெளியேறுகிறது. இம்மாற்றம் விரைவானது. அரை மணிநேரம் வெந்த தோள்கறி ரப்பரைப்போல இருப்பதற்கு இதுவே காரணம். அந்நிலையில் "வெந்துவிட்டது, ஆனால் கடினமான கறி" என்று முடிவு செய்து அடுப்பை அணைப்பவர் பலர்.

இரண்டாவது, கொலாசன் கரைதல். இது 60 பாகைக்கு மேல் சுருங்கத் தொடங்கி, 70 பாகையைக் கடந்தபின் சிறிது சிறிதாக முறுக்கவிழ்ந்து, நீரில் கரையும் ஊன்பசையாக மாறுகிறது. இம்மாற்றம் மிக மெதுவானது. 80 முதல் 95 பாகைச் சூட்டில் பல மணிநேரம் எடுக்கும். மாற்றம் முடிந்ததும் தசைநார்களைக் கட்டியிருந்த பிணைப்பு அகன்று, கரண்டியால் தொட்டாலே கறி இழை இழையாகப் பிரியும். இழந்த சாறு முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் ஊன்பசையும் கொழுப்பும் இழைகளைப் பூசி நிற்பதால் நாவுக்குச் சாறுள்ளதாகவே தோன்றும். குளிர்பெட்டியில் வைத்த குழம்பு மறுநாள் கட்டித்தயிர்போல் உறைந்திருந்தால், கொலாசன் நன்கு கரைந்தது என்று கொள்ளலாம்.

அழுத்தச் சமைப்பானில் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்வதால் இதே வேலை ஒரு மணிநேரத்துக்குள் முடிகிறது. எரிபொருளும் மிச்சம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். இதில் பிழை ஏதுமில்லை. எனினும் மிகுந்த சூட்டில் தசைநார்கள் மேலும் இறுகுவதால் சாறு கூடுதலாக வெளியேறி, கறி நொறுங்கும் தன்மை பெறுகிறது. இழை குலையாமலும் வறளாமலும் வேண்டுமெனில் மெதுசூடே ஏற்றது.

புளிப்பு கொலாசன் கரைவதற்குத் துணைசெய்யும். பன்றிக்கறி சமைக்கும் நாடுகள் பலவற்றில் ஏதேனும் ஒரு புளிப்புப் பொருள் சேர்க்கப்படுவதைக் காணலாம். கோவாவின் விந்தாலுவில் காடியும், குடகின் பந்திக்கறியில் கச்சம்புளி எனப்படும் கெட்டியான பழக்காடியும், இலங்கையின் கறுத்த பன்றிக்கறியில் கொறுக்காய்ப்புளியும் இடம்பெறுகின்றன. கெடாமல் காப்பதும் சுவையும்கூட இவ்வழக்கத்தின் காரணங்களாகும்.

மெதுசமைப்பான்

மெதுசமைப்பான் என்பது சுட்ட பீங்கான் பானை, அதனைச் சுற்றி வெப்பக் கம்பி பொருத்திய உலோக உறை, கண்ணாடி மூடி ஆகியவற்றைக் கொண்ட எளிய கருவியாகும். இது செலவிடும் மின்திறன் பெரும்பாலும் 100 முதல் 300 வாட் வரை. 200 வாட் கலம் எட்டு மணிநேரம் இயங்கினால் 1.6 அலகு மின்சாரம் செலவாகும். குறைசூடு, மிகைசூடு என்று இரு நிலைகள் இருப்பினும், இரண்டும் இறுதியில் கொதிநிலைக்கு அருகிலேயே சென்று நிற்பவை. அந்நிலையை அடைய எடுக்கும் நேரமே வேறுபடும்.

சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் என்பவர் இவ்வகைக் கலம் ஒன்றுக்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. எனவே வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் இறைச்சியும் பயறும் இட்ட பானையை ரொட்டிச் சூளையின் ஆறும் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து உண்பர். சோலண்ட் எனப்படும் அவ்வுணவைப் பற்றிக் குடும்பத்தார் வழியாகக் கேட்டதே நாக்சனுக்குத் தூண்டுதலாக இருந்தது. பின்னர் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் இக்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பன்றி இறைச்சியை விலக்கும் ஒரு சமயத்தாரின் உணவிலிருந்து பிறந்த கருவி, இன்று அமெரிக்காவில் பன்றித் தோளுக்கும் பயன்படுவது வியப்புக்குரியது.

காவிரிக் கழிமுகத்தில் மெதுசூடு

கும்பகோணத்துக்கு மேற்கே அமைந்த சுவாமிமலை, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. கோயிலைச் சார்ந்த ஊர் என்பதால் ஊன் உணவுக்குப் பெயர் பெற்றதன்று. ஆனால் சூட்டை மெதுவாகச் செலுத்தும் நுட்பத்துக்கு இவ்வூரும் இதைச் சூழ்ந்த நெல்வயல்களும் நல்ல எடுத்துக்காட்டு.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கும். உமி தழல்விட்டு எரிவதைவிடக் கனன்று புகைவதே மிகுதி. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. விரைந்து சமைப்பவருக்கு இது குறை. நெடுநேரம் ஒரே சீராகச் சூடு வேண்டுவோருக்கு இதுவே நிறை. உமி அடுப்பில் நடுவே ஒரு புட்டியையோ உருளைக் கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கித் திணித்து, பின்னர்க் கட்டையை மெல்ல உருவி எடுப்பர். நடுவில் ஏற்பட்ட துளையும் பக்கவாயும் காற்றுப் போக்குக்கு வழியாகும். கீழே சுள்ளி கொண்டு பற்றவைத்தால், உமி உள்ளிருந்து வெளியே சிறுகச் சிறுகக் கனன்று சில மணிநேரம் சூடு தரும். வறட்டித் தணலில் பால் செம்மை நிறம் ஏறும்வரை காய்வதும் இவ்வகைச் சூட்டிலேயே. எரிவளி பரவியபின் வீடுகளில் உமி அடுப்பு அரிதாகிவிட்டது. உமி இன்று அரிசி ஆலைக் கொதிகலன்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் செல்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் உமி அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

சுவாமிமலையின் வெண்கலச் சிற்பிகளும் சூட்டின் இந்நிதானத்தை அறிந்தவர்கள். மெழுகில் செய்த உருவத்தின்மீது காவிரி வண்டல்மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, பின்னர்ச் சூடேற்றி மெழுகை உருக்கி வடிப்பர். அவசரப்பட்டால் மண்கருவில் வெடிப்பு விழும். சமையலுக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இல்லைதான்.

கழிமுகத்தில் எளிதில் கிடைக்கும் இன்னொரு பொருள் வைக்கோல். கொதிக்கும் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் மூடி வைத்தால் சூடு நெடுநேரம் தங்கும். உலகப் போர்க் காலங்களில் எரிபொருள் பஞ்சத்தின்போது ஐரோப்பாவில் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது. இறைச்சிக்கு இதைக் கையாளும்போது பானை 60 பாகைக்குக் கீழே ஆறுமுன் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும்.

செய்முறை

ஒன்றரைக் கிலோ தோள்கறியைக் கைமுட்டி அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். முழுத் துண்டாக இட்டால் உட்பகுதி சூடேற நேரமாகும். 20 கிராம் உப்பு, மஞ்சள்தூள், இடித்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைப் பிசறி, இயன்றால் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைக்கலாம். மறுநாள் இரும்புச் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டுத் துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்க வறுக்க வேண்டும். மெதுசூட்டில் கறி சிவக்காது; எனவே வறுத்த மணம் வேண்டுமெனில் இப்படியைத் தவிர்க்கலாகாது. அதே சட்டியில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு முழுப்பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும்.

அனைத்தையும் மெதுசமைப்பானில் இட்டு அரைக் குவளை வெந்நீர் சேர்த்து மூடினால் போதும். கறியே நீர் விடும், மூடியிட்ட கலத்தில் நீர் ஆவியாகிக் குறைவதும் அற்பம். குறைசூட்டில் எட்டு முதல் ஒன்பது மணி நேரமும் மிகைசூட்டில் ஐந்து முதல் ஆறு மணி நேரமும் ஆகும். மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் இழந்த சூட்டை மீட்க அரை மணிநேரம் வரை பிடிக்கும். துண்டின் நடுவில் 90 பாகைக்கு மேல் சூடேறி, கரண்டி தடையின்றி இறங்கினால் கறி பதமாகிவிட்டது. சாற்றை வேறு பாத்திரத்தில் வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை அகற்றி, கெட்டியாகச் சுண்டவைத்துக் கறியுடன் சேர்க்கலாம்.

சிவப்புக் காராமணியைச் சேர்த்துச் சமைப்போர் உண்டு. ஆனால் ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரை விதையைப் பச்சையாக மெதுசமைப்பானில் இடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் நஞ்சு குறைந்த சூட்டில் அழிவதில்லை; ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரை மணிநேரம் நன்கு கொதிக்க வைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

5 முதல் 60 பாகை வரையிலான சூட்டில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். மெதுசமைப்பான் இவ்வெல்லையைக் கடக்கச் சில மணிநேரம் எடுக்கலாம் என்பதால், பனிக்கட்டியாய் உறைந்த இறைச்சியை நேரே இடக் கூடாது; குளிர்பெட்டியில் வைத்து உருகவிட்ட பின்பே இட வேண்டும். தமிழ்நாட்டில் இதனோடு மின்வெட்டையும் கருத வேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிடில் அவ்வுணவைக் கொட்டிவிடுவதே முறை. மீண்டும் கொதிக்க வைத்தால் போதும் என்பது சரியன்று. சில நுண்ணுயிரிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது. மீந்த கறியை இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் அடுப்பிலேயே சூடாக்க வேண்டும், மெதுசமைப்பானில் அன்று.

பன்றி நாடாப்புழுவைப் பற்றிய அச்சம் பரவலானது. ஆனால் அது பரவும் வழி பெரும்பாலும் தவறாகவே அறியப்பட்டுள்ளது. புழுவின் நீர்க்கட்டிகள் உள்ள இறைச்சியை அரைவேக்காட்டில் உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டிகள் உண்டாகி வலிப்பு வருவதோ, நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் கை, நீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் செல்வதால். ஆகவே பன்றிக்கறியைத் தொட்டே பாராத மரக்கறி உணவினருக்கும் இந்நோய் வருகிறது. வேலூர் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்நோயே காரணமாகக் காணப்பட்டது. எட்டு மணிநேரம் வெந்து 90 பாகையைக் கடந்த இறைச்சியில் நீர்க்கட்டிகள் உயிரோடு இருப்பதில்லை. நோயைத் தடுக்க அது மட்டும் போதாது. கழிப்பறை, கைகழுவுதல், பன்றிகளைக் கொட்டிலில் அடைத்து வளர்த்தல் ஆகியவை அதனினும் முதன்மையானவை.

தமிழர் உணவில் பன்றி

பன்றி இறைச்சி தமிழருக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியில் உறைகிணறுகளின் அருகே பன்றிகளும் கோழிகளும் திரிந்ததைக் குறிப்பிடுகிறது. அப்புலவரின் பெரும்பாணாற்றுப்படை, ஆண் பன்றியைப் பெண் பன்றிகளிடமிருந்து பிரித்துக் குழியில் அடைத்து, நெல்லின் மாவை ஊட்டிப் பல நாள் கொழுக்க வைத்து, அதன் கொழுத்த தசையைக் கள்ளுடன் விருந்தினருக்கு அளித்ததைக் கூறுகிறது. தீனியைத் தேர்ந்து, அடைத்து வளர்க்கும் முறை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் பன்றி தெருவில் விடப்பட்டுக் கழிவை உண்டு வளரும் விலங்காயிற்று. அதனை வளர்த்தவர்களும் உண்டவர்களும் சாதி அடிப்படையில் இழிவுபடுத்தப்பட்டனர். இறைச்சியின்மீதான அருவருப்பில் எவ்வளவு பங்கு தூய்மையைப் பற்றியது, எவ்வளவு பங்கு சாதியைப் பற்றியது என்பதைப் பிரித்தறிவது கடினம். இன்று தமிழ்நாட்டில் பண்ணைகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் யார்க்‌ஷயர் இனத்தையும் அதன் கலப்பினங்களையும் சேர்ந்த வெண்பன்றிகள். 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்திலுள்ள தன் ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றை வளர்த்து, பண்ணையாளர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருகிறது. கடைகளில் "வெண்பன்றி இறைச்சி" என்று எழுதி விற்பது, தெருப்பன்றி அன்று என்று வாங்குவோருக்கு உறுதி கூறுவதற்காகவே. அக்கடைகளில் கறியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதே வழக்கம். மெதுசமையலுக்கு வேண்டுவோர் தோள்பகுதியைப் பெரிய துண்டுகளாக, கொழுப்பு நீக்காமல் தருமாறு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.