முதல் சிடிக்கு ஓர் அட்டைப்படம்

என் அக்காள் மகள் வீணை வாசிப்பவள். முதல் சிடி தயாரானபோது, "மாமா, அட்டையை நீங்களே கம்ப்யூட்டரில் செய்து கொடுங்களேன்" என்றாள். பாட்டைப் போனிலேயே கேட்கிற காலம்தான். ஆனாலும் கச்சேரி முடிந்து மேடையருகே வருபவர்களுக்குக் கையில் கொடுக்க ஒன்று வேண்டுமே! போட்டோ வேண்டாம், கோட்டோவியம்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

அவள் வாசிப்பதைப் பார்த்து, வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்தேன். அதை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப் புரோகிராமில் திறந்தேன். படத்தின் மீது கிளிக் செய்து, பாத் மெனுவில் டிரேஸ் பிட்மேப் கொடுத்தால் கோடுகள் வெக்டாராக மாறிவிடும். பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரங்கள் பிசிறு தட்டாது.

அடுத்தது அளவு. பிளாஸ்டிக் சிடி பெட்டியின் முன் அட்டை 120 மில்லிமீட்டர் சதுரம். வெட்டும்போது கத்தி சற்று விலகினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். எனவே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டி, 126 மில்லிமீட்டராக வைத்துக் கொள்ளுங்கள். பின் அட்டைக்கு இரண்டு பக்கமும் மடிப்பு உண்டு. அதற்கான டெம்ப்ளேட்டை அச்சகத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன். அவள் பெயரை இடப்பக்கம் போட நினைத்தேன். அங்கே வீணையின் குடம் அடைத்துக் கொண்டிருந்தது. ஆப்ஜெக்ட் மெனுவில் பிளிப் ஹாரிசான்டல் கொடுத்தேன். குடம் வலப்பக்கம் போய்விட்டது. அட, எவ்வளவு சுலபம்!

நல்லவேளையாக, நிஜ அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, வெட்டி, பெட்டிக்குள் செருகி அவளிடம் காட்டினேன். பார்த்ததும் முகம் மாறியது. "என்னை இடக்கையாக்கி விட்டீர்களே மாமா! குரு பார்த்தால் என்ன சொல்வார்?"

வீணையில் குடம், வாசிப்பவரின் வலப்பக்கம் தரையில் இருக்கும். வலக்கை தந்தியை மீட்டும். இடக்கை 24 மெட்டுகளின் மேல் ஓடும். எதிரே இருந்து பார்க்கும் நமக்குக் குடம் இடப்பக்கம்தான் தெரிய வேண்டும். திரையில் பத்து நாள் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை! படத்தைப் பழையபடி திருப்பிவிட்டுப் பெயரை வலப்பக்கம் மாற்றினேன். அந்த பிரிண்ட்டிலேயே இன்னொன்றும் தெரிந்தது. ஏழு தந்திகளில் மூன்றைக் காணோம். மெல்லிய கோடுகள் சிறிய அளவில் மறைந்துவிட்டன. அவற்றைத் தடிமனாக்கினேன்.

அச்சகத்திலிருந்து வந்த முதல் புரூப்பில் 'வீணை' என்ற சொல்லின் ஐகாரக் கொம்பு, 'ண'வுக்குப் பின்னால் போய் நின்றது. அவர்களிடம் என் பாண்ட் இல்லை. எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தேன். இனி அவை எழுத்தல்ல, படம். எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது. திருத்தவும் முடியாது என்பதால், அதற்கு முன் பைலுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது புரூப்பில் கொம்பு தன் இடத்தில் இருந்தது. அதை அவளிடம் ஒரு முறை காட்டிய பிறகே 500 அட்டைகளுக்கு ஓகே சொன்னேன்.