முற்றத்து மண்ணில் கலந்த நஞ்சு



குப்பை என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் வருவது என்ன? அழுகிய மரக்கறி, மீன் செதில், இலையான் மொய்க்கும் வாளி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சந்தி. பார்த்தாலும் தெரியும், மணத்தாலும் தெரியும். தெரிவதனால் நாமும் அதை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகிறோம். ஆனால் குப்பை என்றே தோன்றாத குப்பையும் உலகில் உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வருவார்கள். ஆகவே அதைப் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து அடுக்கி வைப்பார்கள். அப்படி அடுக்கி வைத்த ஓர் ஊரில், 5 மாத காலத்துக்குள் 18 பிள்ளைகள் மௌத்தானார்கள். அந்த ஊரின் கதையைத்தான் இம்முறை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆபிரிக்காக் கண்டத்தின் மேற்கு முனையில் அத்திலாந்திக் கடலை நோக்கி நிற்கும் நாடு செனகல். 1960ஆம் ஆண்டுவரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அங்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். விருந்தோம்பலுக்குப் பேர்போன மக்கள். ஒரே பெரிய தட்டில் மீனும் சோறும் வைத்து, அதைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து உண்ணும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நமது சகன் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அங்கு 'தபாஸ்கி' என்பார்கள். குர்பானிக்கான செம்மறிக் கடாவை நகரத்து வீடுகளில்கூட ஆசையோடு வளர்ப்பார்கள்.

தலைநகர் டக்கார். கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்பாங்கான ஒரு குடாநாட்டில் அமைந்த நகரம். சனம் பெருகியது. வறட்சியால் பயிர்ச்செய்கை பொய்த்துக் கிராமங்களை விட்டு வந்தவர்கள் நகரத்தின் ஓரங்களில் குடியேறினார்கள். வீடுகள் எழுந்த வேகத்துக்குக் குப்பை லொறிகள் வரவில்லை. லொறி நுழைய முடியாத மணல் ஒழுங்கைகளில் குதிரை வண்டிகள்தாம் குப்பை அள்ளின. அதுவும் இல்லாத இடங்களில் வெற்று வளவுகளும் கடற்கரையுமே குப்பைமேடாயின.

1988ஆம் ஆண்டையடுத்து டக்கார் நகரத்து இளைஞர்கள் தாமாகவே விளக்குமாறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். அவர்களது வொலொஃப் மொழியில் 'செத்' என்றால் சுத்தம், 'செத்தல்' என்றால் சுத்தமாக்கு. 'செத்-செத்தல்' என்ற அந்த இயக்கம் நகரமெங்கும் பரவிற்று. குப்பையை அகற்றிய சுவர்களில் மார்க்கப் பெரியார்களின் உருவங்களையெல்லாம் தீட்டினார்கள். பின்னர் அதே இளைஞர்களையே நகர நிர்வாகம் குப்பை அள்ளும் வேலைக்குக் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டது. ஆர்வத்தோடு செய்ததைக் கூலிக்கு ஆக்கியபின் கூலியையும் ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2007இல் டக்கார் மக்கள் வீட்டில் தேங்கிய குப்பையைக் கொண்டுவந்து நடுவீதியில் கொட்டித் தம் கோபத்தைக் காட்டினார்கள். லொறி வராத நாட்களில் அழுகும் குப்பையோடு வீட்டுக்குள் காலம் தள்ளுவது யாரென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அள்ளப்படும் குப்பையெல்லாம் போய்ச்சேருமிடம் நகருக்கு வெளியே உள்ள ம்பெபெஸ். ஒருகாலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன பள்ளம் அது. 1968 முதல் அங்கு கொட்டுகிறார்கள். இன்று அது நூறு ஹெக்டயரையும் தாண்டிய குப்பை மலை. அடியில் தடுப்பு எதுவுமின்றிக் கொட்டியதால் ஊறிய கழிவுநீர் நிலத்தடி நீரோடு கலந்தது. இரும்பு, போத்தல், பிளாஸ்டிக் பொறுக்கி வாழும் ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 2,000 பேரின் சோறு அந்த மலையில்தான் இருக்கிறது. 'பூஜுமான்' என்று ஊரார் அவர்களைச் சற்று ஏளனமாகவே அழைப்பார்கள். ஆனால் நகரம் வீசியெறிந்ததிலிருந்து பயனுள்ளதைப் பிரித்தெடுப்பவர்கள் அவர்கள்தாம். 1990களின் நடுப்பகுதியில் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

பொலித்தீன் பைகளின் கதை நீங்கள் அறிந்ததுதான். காற்றில் பறந்து வேலிகளில் தொங்கும். ஆடுமாடுகள் தின்று வயிறு அடைத்துச் சாகும். மெல்லிய பைகளைத் தடுக்க 2015இல் ஒரு சட்டம், பிறகு 2020இல் இன்னும் கடுமையான ஒரு சட்டம். சட்டம் வந்த அளவுக்குப் பை குறையவில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குப்பைகள், சகோதரிகளே. இனித்தான் நான் சொல்லவந்த விடயம்.

டக்காரின் புறநகரில் கடலோரமாகத் தியாரோய் என்றொரு மீனவர் குடியிருப்பு உண்டு. அங்குள்ள கொல்லர்கள் பழைய வாகன பற்றரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் வார்த்து வந்தார்கள். ஒரு வாகன பற்றரியின் பாரத்தில் பாதிக்கு மேல் ஈயம்தான். மீதியில் முக்கியமானது கந்தக அமிலம். பற்றரியைக் கோடரியால் பிளக்கும்போது அமிலம் மண்ணில் ஊற்றும். ஈயத்தூள் மண்ணோடு மண்ணாகக் கலக்கும். ஆண்டுக்கணக்காக இது நடந்தது. கடற்கரை மணல்தானே, மேலே புதுமணல் படிந்துவிடும். ஊரார் அதன்மேல் நடந்தார்கள், பிள்ளைகள் அதில் விளையாடினார்கள்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து 2007 வரை உலகச் சந்தையில் ஈயத்தின் விலை பல மடங்காக ஏறியது. உலகில் வாகனங்கள் பெருகப் பெருக, பற்றரிகளுக்கு ஈயம் தேவைப்பட்டது. வியாபாரிகள் தியாரோய்க்கும் வந்தார்கள். கிலோவுக்கு சுமார் 60 அமெரிக்க சதம் கொடுத்ததாக அக்காலச் செய்திகள் கூறின. மீன்பாடு குறைந்து, கையில் காசில்லாத ஊர். காலடி மண்ணைத் தோண்டினால் காசு! யார்தான் சும்மா இருப்பார்கள்? பெண்கள் மண்ணை வெட்டிச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் உட்கார்ந்து அரித்தார்கள். கைக்குழந்தை முதுகில் கட்டியிருக்கும், மூத்தது பக்கத்தில் மண்ணளைந்து விளையாடும். அரித்ததைச் சாக்கில் கட்டி, வியாபாரி வரும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள்.

முதலில் கோழிகளும் ஆடுகளும் செத்தன. பிறகு பிள்ளைகள். நன்றாக ஓடியாடிய பிள்ளை சுருண்டு படுக்கும், வாந்தியெடுக்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும், சில நாட்களில் முடிந்துவிடும். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் இப்படி 18 பிள்ளைகள். என்ன நோயென்று யாருக்கும் விளங்கவில்லை. ஏதோ சாபம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காரணம் தெரியாத துன்பம் வரும்போது சூனியம், கண்ணேறு என்று பேசுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அப்படிப் பேசிக் கழித்த ஒவ்வொரு நாளும் அந்தச் சாக்குகள் வீட்டுக்குள்ளேதான் இருந்தன.

இரத்தத்தைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. இறந்த பிள்ளைகளின் தாய்மாரையும் உடன்பிறந்தாரையும் அயலவரையும் வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். செனகல் அரசின் வேண்டுகோளுக்கிணங்க உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்களும் வந்தார்கள். 50 பிள்ளைகள், 31 பெரியவர்கள், ஆக 81 பேர். ஒருவர் மிச்சமில்லாமல் அத்தனை பேர் உடம்பிலும் ஈய நஞ்சு! ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடிப்பார்த்து நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் இன்றைய அறிவுரை. தியாரோய்ப் பிள்ளைகளிடம் மிகக் குறைந்த அளவே 39.8. சராசரி 129.5. ஒரு பிள்ளைக்கு 613.9. பதினேழு பிள்ளைகளிடம் மூளையும் நரம்பும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட அடையாளங்கள் காணப்பட்டன. வெளிமண்ணில் ஓரிடத்தில் ஒரு கிலோவுக்கு 302 கிராம் ஈயம். அதாவது மண்ணில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு! வீடுகளுக்குள் படிந்திருந்த தூசியிலும் கிலோவுக்கு 14 கிராம்வரை இருந்தது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் சிலர் பார்வைக்கு எந்த நோயும் இல்லாதவர்களாகவே தோன்றினார்கள்.

தண்ணீர் அசுத்தமாகிவிட்டதா என்று அறிய நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் பார்க்கும்படி பிக்ஹுப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். செனகல் மக்கள் மாலிகி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அவர்களுடைய மதரஸாக்களிலும் இப்பாடம் உண்டு. ஆனால் விரல் நுனியில் ஒட்டிய ஈயத்தூளை இந்த மூன்றில் எதைக்கொண்டும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தாய் வீட்டைக் கூட்டியிருப்பாள், முற்றத்தைப் பெருக்கியிருப்பாள். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கப் பெருக ஈயத்தூசி மேலெழுந்து பாயிலும் உடுப்பிலும் சோற்றிலும் படிந்தது. சுத்தத்துக்காகச் செய்த வேலையே நஞ்சைப் பரப்பியது. அவள் கவனக்குறைவானவள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். உலகச் சந்தையில் விலையை ஏற்றியவர்கள், சாக்கை வாங்கிப்போனவர்கள், பற்றரியை எங்கே எப்படி உடைக்கவேண்டும் என்று சட்டம் செய்து காக்கவேண்டியவர்கள் எல்லோரும் இருக்க, கணக்குக் கேட்கப்படுவது மட்டும் தாயிடமா?

பிள்ளைகளை ஏன் இந்நஞ்சு முதலில் பிடிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் தரையில் தவழ்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைப் பிள்ளையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையாயின் இன்னும் கூடுதலாக ஏற்கும். அதாவது வயிறாரச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைக்கே கூடுதல் நஞ்சு. குறைந்த அளவு ஈயமும் படிப்பையும் புத்திக்கூர்மையையும் பாதிக்கும். இந்த அளவுவரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு ஈயத்துக்கு இல்லவே இல்லை.

தியாரோயில் மட்டும் நடந்த விபத்து என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2010இல் நைஜீரியாவின் சம்பாரா மாநிலக் கிராமங்களில், தங்கம் எடுப்பதற்காக ஈயம் கலந்த கல்லை வீட்டு வளவுகளுக்குள்ளேயே இடித்து அரைத்ததால் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அங்கும் முஸ்லிம் குடும்பங்கள். அங்கும் வருமானம் வீட்டுக்குள் வந்த வழியாகவே நஞ்சும் வந்தது.

தியாரோயில் 2008 மார்ச்சில் பற்றரி உடைக்கும் வேலை நிறுத்தப்பட்டது. அரசு மேல்மண்ணை அள்ளிச் சென்றது. ஆனால் முற்றத்து மண்ணை அள்ளினால் போதுமா? கூரை இடுக்கு, மெத்தை, பாய், உடுப்புப் பெட்டி எல்லாவற்றிலும் தூசி இருந்தது. மண் அள்ளிப் பல மாதங்களுக்குப் பின்னும் அந்த இடம் இன்னும் மோசமாகவே மாசடைந்திருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வைத்தியசாலையில் ஈயத்தை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து உண்டு. ஆனால் மருந்து பெற்ற பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்துதான். ஆகவே மருந்துக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யவேண்டியிருந்தது. விளக்குமாற்றால் அல்ல, ஈரத்துணியால் துடைத்து, கழுவி, கழுவிய தண்ணீரையும் முற்றத்தில் ஊற்றாமல் அப்புறப்படுத்தவேண்டும். ஈயத்தோடு வேலை செய்பவர் அந்த உடுப்போடு வீட்டுக்குள் வரக்கூடாது. அதைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. பற்றரி உடைப்பவரின் மனைவிக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால்!

உடம்புக்குள் போன ஈயம் இரத்தத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆனால் அதில் பெரும்பகுதி எலும்புக்குள் போய்க் கல்சியத்தோடு கல்சியமாகத் தங்கிவிடுகிறது. அங்கே பல ஆண்டுகள் இருக்கும். ஒரு பெண் கர்ப்பம் தரிக்கும்போதும் பாலூட்டும்போதும் பிள்ளைக்குக் கல்சியம் கொடுப்பதற்காக அவளுடைய எலும்பு கரைகிறது. அப்போது பழைய ஈயமும் அதனோடு வெளியே வந்து, இரத்தத்தின் வழியே கருவிலிருக்கும் பிள்ளையைச் சேர்கிறது. 2008இல் அந்த முற்றங்களில் உம்மாவின் பக்கத்தில் மண்ணளைந்துகொண்டிருந்து உயிர் தப்பிய பெண்பிள்ளைகள், இன்று இருபது வயதைத் தாண்டிய குமர்கள். அவர்களில் பலர் இப்போது தாய்மாராகும் காலம்.